மறதிநோய் உள்ள அம்மாவுக்கு இல்லம் தேடுகிறோம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு அல்சைமர் நோய். இரவில் எழுந்து கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுகிறார். அப்பாவால் இனித் தனியாகச் சமாளிக்க முடியாது. அதனால் பராமரிப்பு இல்லம் தேடுகிறோம். (சேர்க்கலாமா கூடாதா என்ற அறிவுரை உறவினர்களிடமிருந்து தாராளமாகவே கிடைத்துவிட்டது.)

எங்கே போனாலும் வரவேற்பறையையும் தோட்டத்தையும்தான் காட்டுகிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. பொழுது சாயும்போதுதான் அம்மாவுக்குப் பதற்றமும் குழப்பமும் கூடுகின்றன. அந்த நேரத்தில் அவர் அருகில் யார் இருப்பார்கள் என்று ஓர் இல்லத்தில் கேட்டேன். "அமைதிப்படுத்த மருந்து இருக்கிறது" என்று பதில் வந்தது. மறதிநோய் உள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகளைக் கொடுத்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்திருக்கிறது. வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று போன்றவற்றாலும் பதற்றம் வரலாம். அதை முதலில் பார்ப்பவர்கள்தான் எங்களுக்கு வேண்டும்.

பெற்றோரை இப்படிச் சேர்த்தவர்களிடம் கேட்கிறேன்: இரவுப் பணியாளர்கள் எத்தனை பேர், நாற்காலியில் கட்டிவைப்பார்களா என்பதையெல்லாம் நேரடியாகக் கேட்டால் உண்மை வருமா? சொல்லாமல் மாலையில் போய்ப் பார்த்தீர்களா? தொடக்கத்தில் சில நாட்கள் வர வேண்டாம் என்கிறது ஓர் இல்லம். எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்களுக்கு எது சரிப்பட்டது? முக்கியமாக, அம்மாவிடம் என்ன சொல்லி அழைத்துப் போனீர்கள்?