ரூட் (நிர்வாகி அதிகாரம்) இல்லாமல் பழைய டிஸ்க்கை விஎம்மில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) பூட் செய்ய முடியவில்லை, அவசரம்

கொழிஞ்சாம்பாறை_கடை:
அப்பா கடைக் கம்ப்யூட்டரில் மதர்போர்டு போய்விட்டது. பற்று வரவு முழுக்க அதன் டிஸ்க்கில்தான். கழற்றி யூஎஸ்பி கேஸில் போட்டு, லினக்ஸ் லேப்டாப்பில் க்யூஎமு என்ற விஎம் மென்பொருள் வழியாக ஓட்டினால் 'பெர்மிஷன் டினைட்'. சூடோ போட்டால் (பாஸ்வேர்டு கொடுத்து ரூட்டாக ஓட்டினால்) ஓடுகிறது. ஆனால் கடையைத் திறப்பது வேலைக்கார அண்ணன், அவரிடம் எப்படி பாஸ்வேர்டைக் கொடுப்பது? நாளைக் காலைக்குள் வேண்டும்.

வாளையார்_காற்று:
எந்த லினக்ஸ்? டிஸ்க்குக்கு என்ன பெயர் வருகிறது? அதன் அனுமதிகளை 'எல்எஸ் மைனஸ் எல்' கட்டளை எப்படிக் காட்டுகிறது?

கம்பம்_திராட்சை:
கேவிஎம்தான் (விஎம்மை வேகமாக ஓட்ட உதவும் லினக்ஸ் பகுதி) காரணம். கேவிஎம் குழுவில் சேருங்கள். எனக்கும் அப்படித்தான் சரியானது.

மூத்த_உறுப்பினர்:
கேவிஎம் என்றால் பிழைச் செய்தியில் அந்தப் பெயரே வரும். செய்தியை முழுதாகப் படித்துவிட்டுப் பதில் எழுதுங்கள் என்று எத்தனை முறை சொல்வது? கேட்டவரும் பாதிதான் எழுதியிருக்கிறார்.

கொழிஞ்சாம்பாறை_கடை:
மன்னிக்கவும் ஐயா. டெபியன் 12. டிஸ்க்கின் பெயர் டெவ் எஸ்டிபி. உரிமையாளர் ரூட், குழு டிஸ்க், அனுமதி 660 (இந்த இருவர் மட்டுமே படிக்க, எழுத முடியும்). டிஸ்க் குழுவில் என்னைச் சேர்த்தேன், அப்படியும் அதேதான்.

வாளையார்_காற்று:
லாக்அவுட் செய்து மறுபடி வந்தால்தான் புதிய குழு ஒட்டும். ஆனால் தம்பி, அதில் இருக்கவே வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். அந்தக் குழுவில் இருப்பவர் லேப்டாப்பின் சொந்த டிஸ்க்கையும் நேராகப் படிக்கலாம், எழுதலாம். பாஸ்வேர்டைக் கொடுப்பதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அந்த ஒரு டிஸ்க்கின் சீரியல் எண்ணுக்கு மட்டும் யூடெவ் விதி (சாதனத்தை மாட்டும்போது லினக்ஸ் பின்பற்றும் விதி) எழுதி, அண்ணனின் கணக்கை உரிமையாளராக வையுங்கள். சிஎச்மோட் கட்டளையால் அனுமதியை மாற்றினால், கழற்றி மாட்டியதும் அது போய்விடும். எஸ்டிபி என்ற பெயரையும் நம்பாதீர்கள், நாளைக்கு எஸ்டிசி ஆகலாம்.

புளியரை_மழை:
நீங்கள் இருக்கும் கேரளப் பாலக்காட்டுப் பக்கம் பள்ளியிலேயே லினக்ஸ்தானே, இதெல்லாம் அங்கே சொல்லித் தரவில்லையா?

மீனாட்சிபுரம்_தென்னை:
2001இல் ஐடி அட் ஸ்கூல் என்ற கேரள அரசின் பள்ளிக் கணினித் திட்டம் தொடங்கியது பாடம் கற்பிக்க. டிஸ்க் அனுமதி அதில் எப்படி வரும்? நானும் தமிழ் மீடியத்தில் அந்த லினக்ஸில்தான் தட்டச்சு பழகினேன். அதைக் குறைத்துப் பேசாதீர்கள்.

புளியரை_மழை:
குறைத்துப் பேசவில்லை. எங்கள் பக்கம் அதுகூட இல்லையே என்ற ஆதங்கம்.

மூத்த_உறுப்பினர்:
இழைக்குத் திரும்புங்கள். யூடெவும் வேண்டாம். பழைய டிஸ்க்கை நேராக பூட் செய்தால் விண்டோஸ் அதில் எழுதிக்கொண்டே இருக்கும். அதே நேரம் லேப்டாப்பும் அதை மவுண்ட் செய்திருந்தால் (தானும் திறந்து வைத்திருந்தால்) கோப்புகள் சிதைந்துவிடும். கடையின் பற்று வரவு இருப்பது இந்த ஒரு டிஸ்க்கில்தான். முதலில் மவுண்டை எடுத்துவிட்டு, சூடோ போட்டு ஒரே ஒரு முறை முழு டிஸ்க்கையும் இமேஜாக (ஒரே கோப்பில் அப்படியே நகலாக) எடுங்கள். அந்தக் கோப்பை அண்ணனின் லேப்டாப் கணக்குக்கு மாற்றி, விஎம்மில் அதையே பூட் செய்யுங்கள், அனுமதிப் பிரச்சினையே கிடையாது. பழைய டிஸ்க்கை பீரோவில் வையுங்கள்.

வாளையார்_காற்று:
இதுதான் சரி. என் யோசனையை விட்டுவிடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை_கடை:
160 ஜிபி, ஒன்றரை மணி நேரம் ஆனது. சூடோ இல்லாமல் பூட் ஆகிவிட்டது. அப்பா பாக்கிப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நன்றி ஐயா, நன்றி அண்ணா.