பப்பாளியில் செலவு ஏறுது, காய் ஏறல: உரத்தைக் கூட்டலாமா?

தாராபுரத்தான்: அவசரம் அண்ணன்மாரே. 2 ஏக்கர் பப்பாளி, இப்போதுதான் வெட்டு ஆரம்பம். மாதாமாதம் உரம் வைக்கிறேன், இலை கருகருவென்று நிற்கிறது, காய் மட்டும் சிறிசு. வியாபாரி கிலோ 8 ரூபாய்க்கு மேல் ஏற மாட்டேன் என்கிறார், அதிலும் கழிவு பிடிக்கிறார். உரக்கடையில் இன்னொரு சுற்று போடச் சொல்கிறார்கள். போடலாமா?

செம்மண்: எந்த ரகம்? என்ன இடைவெளி? சொட்டுநீரா, வாய்க்காலா? உரம் என்றால் எது, மரத்துக்கு எவ்வளவு? இதெல்லாம் சொல்லாமல் என்னத்தைச் சொல்வது?

மாவட்டம்_சுற்றி: போரான் என்ற நுண்சத்துக் குறைதான், சந்தேகமே வேண்டாம். காய் மேடு பள்ளமாக இருக்குமே?

தாராபுரத்தான்: காய் வழவழப்பாகத்தான் இருக்கு அண்ணா. ரெட் லேடி, 5க்கு 5 அடி, வாய்க்கால் பாசனம். யூரியாவும், தழைச்சத்து மணிச்சத்து இரண்டும் உள்ள டிஏபியும் கலந்து மரத்துக்கு மாதம் அரை கிலோ. பொட்டாஷ் விலை அதிகம் என்று வைக்கவில்லை.

பழைய_ஏர்: இதையே இங்கே எத்தனை தடவை எழுதுவது, தேடிப் படிக்கத்தான் ஆளில்லை. வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, மரத்துக்குத் தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்) சத்து தலா 50 கிராம், அதுவும் 2 மாதத்துக்கு ஒருமுறை. 50 கிராம் தழைச்சத்து என்றால் 50 கிராம் யூரியா இல்லை தம்பி, 110 கிராம் வரும். மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் 310, சாம்பல் சத்துக்குப் பொட்டாஷ் உரம் 85. நீங்கள் சரிபாதி கலந்தால் தழைச்சத்து மட்டும் மாதம் 160 கிராம், பரிந்துரைப்படி மாதக் கணக்கு 25. ஆறு மடங்குக்கு மேல் கொட்டி இலையை வளர்த்திருக்கிறீர்கள், பழத்துக்கு வேண்டிய சாம்பல் சத்து சுத்தமாக இல்லை. கடைசியாகப் போட்ட மூட்டை தன் விலையையாவது காயாகத் திருப்பித் தந்ததா? அதைப் பார்க்காமல் அடுத்த மூட்டையைப் பிரிக்காதீர்கள்.

செம்மண்: 5க்கு 5 என்றால் ஏக்கருக்கு 1,700 கன்றுக்கு மேல். 6க்கு 6 வைத்தால் 1,200தான். கன்றுக் காசும் போச்சு, வெயிலுக்கு அடித்துக்கொண்டு மரம் உயரத்துக்குத்தான் போகும். வாய்க்கால் தண்ணீர் தண்டை ஒட்டி நின்றால் அடித்தண்டு அழுகலும் வரும். சிறு, குறு விவசாயி என்றால் சொட்டுநீருக்கு 100 சதவீத மானியம் உண்டு, எழுதிக் கொடுங்கள்.

மாவட்டம்_சுற்றி: எதற்கும் ஒரு தடவை போரான் அடித்துப் பாருங்கள்.

கொங்குக்காரி: நான் காயைக் கீறிப் பால் எடுக்கச் சொல்வேன், அதிலிருந்து வரும் பப்பெயின் நொதிக்கு எப்போதும் வாங்க ஆள் உண்டு.

பழைய_ஏர்: அதற்கு கோ 2, கோ 5 ரகம் போட வேண்டும். ரெட் லேடியைக் கீறி என்ன செய்வது?

வரவு_செலவு: முதலில் ஏக்கர் கணக்கை எழுதுங்கள். வீட்டு ஆள் வேலை, நில வாடகை எல்லாம் சேர்த்து.

கொங்குக்காரி: சொந்த நிலத்துக்கு ஏது வாடகை? நமக்கு நாமே கொடுப்பதா?

வரவு_செலவு: குத்தகைக்கு விட்டால் வருமே, அதை விட்டுக்கொடுத்துத்தானே விவசாயம் செய்கிறோம்? கைச்செலவு மட்டும் ஏ2, குடும்ப உழைப்பையும் சேர்த்தால் ஏ2+எஃப்எல், நில வாடகை, முதலுக்கு வட்டி வரை போனால் சி2. ஆதார விலைச் சண்டையே இதில்தானே நடக்கிறது.

கொங்குக்காரி: பப்பாளிக்கு ஆதார விலையே கிடையாது, எந்தக் கணக்கு போட்டால் என்ன?

வரவு_செலவு: விலை நம் கையில் இல்லை, செலவு இருக்கிறதே. அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

செம்மண்: தனி இழை போட்டு அடித்துக்கொள்ளுங்கள். தம்பி, குருத்து இலை தேமலாகி, காயில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்த மரம் இருக்கா? அது வைரஸ், மருந்து கிடையாது. பிடுங்கிப் போடுங்கள், அதற்கும் சேர்த்து உரம் வைக்காதீர்கள்.

தாராபுரத்தான்: இருந்தது, பிடுங்கியாச்சு. யூரியா நிறுத்திவிட்டேன், பொட்டாஷ் வாங்கினேன். வெட்டு இருக்கு, வரேன். நன்றி.

பழைய_ஏர்: அந்த உரக்கடையில் பாக்கி ஏதும் வைத்திருக்கிறீர்களா?