கையில் ஃபிளாஷ், கிளையில் முசுறு

ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி ஒயரில் மாட்டி எடுக்கத் தயங்குகிறவர்களுக்காக என் அனுபவத்தை எழுதுகிறேன்.

ஆனைமலைப் பக்கம் அம்மாயி வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரம் உண்டு. கிளைக்குக் கிளை முசுறுக் கூடு. இலைகளை இழுத்துப் பிடித்து, தங்கள் புழுக்கள் விடும் நூலால் ஒட்டவைக்கும் அந்தச் செவ்வெறும்புகளை எத்தனை முறை எடுத்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் படம்தான் சரியாக வராது. பூச்சிகளை நெருங்கி எடுக்கும் 100 எம்எம் மேக்ரோ லென்ஸில் 1:1 வரை, அதாவது சென்சாரில் எறும்பு நிஜ அளவிலேயே விழும் நெருக்கம் வரை போனால் லென்ஸ் முனைக்கும் எறும்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இருக்காது. கேமரா மேல் நிற்கும் ஃபிளாஷின் வெளிச்சத்தில் பாதியை லென்ஸே மறைத்துவிடும். மீதி நேராக விழுந்து எறும்பின் முதுகில் வெள்ளைத் திட்டாகப் பளபளக்கும்.

ஒயர் என்பது பெரிய சங்கதி இல்லை. ஒரு முனை கேமராவின் ஹாட் ஷூவில் (தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்), மறுமுனை ஃபிளாஷின் அடியில், நடுவே பழைய டெலிபோன் ரிசீவர் ஒயர் மாதிரி சுருள். டிடிஎல், அதாவது லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தை அளந்து கேமராவே ஃபிளாஷின் அளவை முடிவு செய்யும் வசதி, அப்படியே வேலை செய்யும். கேனனின் ஓசி-இ3 நீட்டினால் 60 செ.மீ. வரும், நிக்கானின் எஸ்சி-28 ஒன்றரை மீட்டர். மேக்ரோவுக்குக் குட்டையானதே போதும், கைக்கெட்டும் தூரம்தானே.

ஒயர் வாங்கிய வாரம் ஊருக்குப் போனேன். வலது கையில் கேமரா, இடது கையில் ஃபிளாஷ். அதன் முகத்தில் ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடி, ரப்பர் பேண்டு போட்டு. ஷட்டர் 1/200, அப்பர்ச்சர் எஃப்/11, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் மேனுவலில் 1/16, அதாவது முழு பலத்தில் பதினாறில் ஒரு பங்கு. 1:1இல் வெளிச்சம் இரண்டு ஸ்டாப் குறைந்து கால்வாசியாகிவிடும், ஆனாலும் ஃபிளாஷ் அவ்வளவு பக்கத்தில் இருப்பதால் 1/16 தாராளம்.

கூட்டுக்குச் சற்றுத் தள்ளி, இலைக்கு அடியில் ஒரு முசுறு தனியாக நின்றது. முதலில் பழக்கதோஷத்தில் ஃபிளாஷை லென்ஸுக்கு மேலேயே பிடித்து எடுத்தேன். எறும்பேதான். பிறகு இடப்பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடித்து ஒன்று எடுத்தேன். ஸ்கிரீனில் பெரிதாக்கிப் பார்த்தால் முகத்தில் முன்னோக்கி இரண்டு உருண்டைக் கண்கள், இரண்டிலும் டப்பா மூடியின் வெள்ளைப் புள்ளி. உணர்கொம்பு என்று நான் நினைத்தவை தூக்கிப் பிடித்த முன்னங்கால்கள். அதற்குள் அது நூல் விட்டு இறங்கவே தொடங்கிவிட்டது. எறும்பு எங்காவது நூலில் தொங்குமா?

முசுறு வேடம் போடும் குதிக்கும் சிலந்தி அது, அறிவியல் பெயர் மிர்மாபிளாட்டா பிளாட்டலியாய்டஸ். முசுறுகளை ஒட்டியே வாழும், ஆனால் அவற்றின் கையில் சிக்காமல் விலகிக்கொள்ளும். அதற்கு முந்தைய வருடங்களில் எடுத்த படங்களையெல்லாம் திரும்பத் தோண்டினேன். இரண்டில் அதே சிலந்தி! நேர் வெளிச்சத்தில் கண்ணும் காலும் தட்டையாகிப்போய் எறும்புக் கணக்கில் சேர்ந்திருந்தது. அம்மாயி ஸ்கிரீனில் நகத்தை வைத்துக் காலை எண்ணினார். "எட்டு இருக்குது கண்ணு" என்றார்.

ஒயரே இல்லாமல் ஃபிளாஷை இயக்கும் ரேடியோ டிரிக்கர் வாங்கலாமே என்பார்கள். கல்யாண மேடைக்கு அது சரி. ஒரு கை தூரத்துக்கு அதன் எடையும் பேட்டரியும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஒயர் வாங்கும்போது மலிவைப் பார்க்காதீர்கள். என் முதல் ஒயரில் சில மாதங்களிலேயே தொடுமுனை தேய்ந்து, டிடிஎல்லில் வைத்தால் ஃபிளாஷ் முழு பலத்தில் அடித்தது. வரிசையாக வெள்ளைப் படங்கள்.

இன்னொன்று, சுருள் சுள்ளியில் மாட்டும். ஒருமுறை மாட்டியதைக் கவனிக்காமல் இழுத்துவிட்டேன். கூடு குலுங்கி, சட்டைக் கை முழுக்க முசுறு. இப்போதெல்லாம் ஒயரை இடது மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் மரத்தடிக்குப் போகிறேன்.