காங்கோவின் பெனியில் உள்ள கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம் பாடம் எடுக்கப் போகலாமா?

பாளை கணினி வாத்தியார் கேட்டது:

வணக்கம். பாளையங்கோட்டையில் கணினி அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். வயது 61. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கிழக்கே, வடக்கு கிவு மாகாணத்தில் பெனி என்று ஓர் ஊர். அங்கே 2007இல் தொடங்கிய காங்கோ கிறிஸ்தவ இருமொழிப் பல்கலைக்கழகத்தைப் பற்றி எங்கள் திருச்சபைக் கூட்டம் ஒன்றில் கேள்விப்பட்டேன். நைரோபியில் இறையியல் கல்லூரித் தலைவராக இருந்த டேவிட் கசாலி என்ற காங்கோக்காரர், அந்தப் பதவியை விட்டுச் சொந்த நாட்டுக்குத் திரும்பித் தொடங்கியது. பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டிலும் பாடம் நடக்கிறது. சுற்றியிருப்பதெல்லாம் விவசாயக் கிராமங்கள், ஆயுதக் குழுக்களின் தொல்லை ஓயாத பகுதி என்கிறார்கள். ஒரு பருவம் போய்க் கற்பிக்க விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

என் மகளுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "தொண்டு செய்ய ஆசை என்றால் சங்கரன்கோவில் பக்கம் கிராமமே இல்லையா அப்பா?" என்று கேட்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பகுதியில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். பாதுகாப்பு எப்படி? இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்தால் கிராமத்து மக்களுக்கு உண்மையிலேயே பயன் உண்டா, அல்லது அதுவும் பட்டம் அச்சடிக்கும் இடம்தானா? என்னைப் போன்ற ஒருவன் போனால் எதற்காவது உதவுமா?

குளிர்ப்பெட்டி எழுதியது:

ஐயா, எபோலா காலத்தில் பெனியில் இருந்தேன். தடுப்பூசியைக் குளிரில் பாதுகாத்துக் கொண்டுசேர்ப்பது என் வேலை. ஆகவே கல்வியாளர் என்ற முறையில் அல்ல, ஊரைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் பாதுகாப்பு. மகளைச் சமாதானப்படுத்தும் பதில் என்னிடம் இல்லை. 2014 அக்டோபரிலிருந்து பெனியைச் சுற்றியுள்ள ஊர்களில் படுகொலைகள் நடந்துவருகின்றன. பெரும்பாலானவற்றுக்கு ஏ.டி.எஃப். என்ற, உகாண்டாவில் வேர்கொண்ட ஆயுதக் குழுவைக் காரணம் சொல்கிறார்கள். கொல்லப்படுகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்துக்குப் போன விவசாயிகள். 2021 மே மாதத்திலிருந்து மாகாணம் ராணுவ ஆளுநரின் கீழ் இருக்கிறது. 2025 ஜனவரியில் எம்23 என்ற கிளர்ச்சிப் படை மாகாணத் தலைநகரான கோமாவைப் பிடித்த பிறகு மாகாண நிர்வாகமே பெனிக்கு இடம் மாறியது. ஆகவே கோமா வழியாகப் போய்வரலாம் என்று யாராவது பழைய கணக்குச் சொன்னால் கேட்காதீர்கள். உகாண்டாவில் எண்டெபெயில் இறங்கி, கசேசே போய், ம்போண்ட்வே எல்லையைத் தாண்டினால் காங்கோ பக்கம் கசிண்டி. அங்கிருந்து பெனிக்குச் சுமார் 80 கிலோமீட்டர். ஊருக்குள் இருப்பதைவிட இந்தச் சாலையைக் கடப்பதுதான் கவலை. அதே கசிண்டியில் 2023 ஜனவரியில் ஞானஸ்நான ஆராதனை நடந்துகொண்டிருந்தபோது தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஊழியத்துக்கு வந்தவர் என்பதால் யாரும் தொடமாட்டார்கள் என்ற நினைப்பு வேண்டாம்.

இந்தியர் என்பதற்காக இன்னொன்று. கிழக்குக் காங்கோவில் ஐ.நா. படை என்றாலே பலருக்கு இந்திய முகம்தான் நினைவுக்கு வரும். அந்தப் படை தங்களைக் காப்பாற்றவில்லை என்ற கோபம் மக்களிடம் நிறைய. 2019 நவம்பரில் பெனியில் நகராட்சிக் கட்டடத்தையே கொளுத்தினார்கள். 2022 ஜூலையில் பக்கத்து நகரமான புடெம்போவில் ஐ.நா. முகாமைக் கூட்டம் தாக்கியபோது நம் எல்லைப் பாதுகாப்புப் படையினர் இருவர் உயிரிழந்தார்கள். நீங்கள் யாருடைய விருந்தாளி என்பது அக்கம்பக்கத்துக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட வேண்டும். ஞாயிறு ஆராதனைக்குப் போங்கள், சந்தைக்கு நடந்து போங்கள். ஐ.நா.வின் வெள்ளை நிற ஜீப்பில் மட்டும் ஏறாதீர்கள்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. கிராமத்துக்குப் பயன் உண்டா என்பதைப் பட்டமளிப்பு விழாப் புகைப்படத்தில் பார்க்க முடியாது. கட்டணம் வாங்கும் ஜன்னலில் பார்க்கலாம். அந்தப் பக்கத்தில் கல்விக் கட்டணத்தை மினர்வால் என்பார்கள். பிள்ளையின் மினர்வால் எங்கிருந்து வருகிறது? கோகோவிலிருந்து, காப்பியிலிருந்து, பனை எண்ணெயிலிருந்து. சாலையோரம் தார்ப்பாயில் கோகோ கொட்டை காய்கிறதே, அதுதான் அடுத்த பருவத்துக் கட்டணம். அறுவடை நேரத்தில் தோட்டப் பக்கம் இரண்டு பேரை வெட்டிப்போட்டால் ஊரே நகரத்துக்கு ஓடிவந்துவிடும். கோகோ மரத்திலேயே கிடந்து அழுகும், அல்லது துப்பாக்கி வைத்திருப்பவன் பறித்துக்கொண்டு போவான். பிறகு அந்தத் தகப்பன் அழுக்கு பிராங்க் நோட்டுக் கட்டோடும் ஒரேயொரு பத்து டாலர் நோட்டோடும் வந்து நிற்பார். காசாளர் டாலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஓரத்தில் நகம் அளவு கிழிந்திருந்தாலும் அங்கே அந்த நோட்டு செல்லாது. அந்தத் தகப்பன் அப்போது நின்ற நிலையை நான் ஒரு கல்லூரி வாசலில் பார்த்திருக்கிறேன். எந்தக் கல்லூரி என்பது வேண்டாம்.

கட்டணம் பாக்கி இருந்தால் தேர்வு அறையிலிருந்து எழுப்பி அனுப்புவது அந்த நாட்டில் சாதாரணம். எனவே ஒரு பல்கலைக்கழகம் கிராமத்துக்காக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் ஒரே ஒரு கேள்வி போதும்: அறுவடை கெட்ட வருடத்தில் அந்தப் பிள்ளையை என்ன செய்கிறார்கள்? நீங்கள் விண்ணப்பிக்குமுன் இதைக் கடிதத்தில் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

நீங்கள் சொன்ன இடத்தில் மாணவர்கள் எல்லோரும் வளாகத்தில் உடலுழைப்பும் செய்ய வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உண்டு. எனக்குப் பிடித்த விஷயம் அது. படித்தவன் மண்வெட்டியைத் தொட்டால் கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் அங்கேயும் நம்மூரைப் போலவே ஊறிக் கிடக்கிறது. அதை உபதேசத்தால் கரைக்க முடியாது.

எபோலா வந்த கதையைச் சொன்னால்தான் படித்த பிள்ளைகள் சொந்த ஊரிலேயே இருப்பதன் அர்த்தம் புரியும். 2018 ஆகஸ்ட் 1 அன்று பெனிக்கு அருகே மங்கினாவில் நோய் இருப்பதாக அறிவித்தார்கள். 2020 ஜூன் 25இல் முடிந்ததாகச் சொல்லும்போது 3,470 பேருக்கு நோய், 2,287 பேர் மரணம். எங்கள் தடுப்பூசியை மைனஸ் 60 முதல் மைனஸ் 80 டிகிரி வரையிலான குளிரில் வைக்க வேண்டும். அந்த வெயிலில், அந்தச் சாலையில் அதை எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தோம். சேர்த்த இடத்தில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஏன் சாத்தமாட்டார்கள்? இத்தனை வருடம் வெட்டுப்பட்டபோது எட்டிப் பார்க்காத உலகம் திடீரென்று நூறு வண்டியோடு வந்து நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும். "எபோலா வியாபாரம்" என்றார்கள். போதாக்குறைக்கு நோயைக் காரணம் காட்டி, 2018 டிசம்பர் அதிபர் தேர்தலில் பெனியிலும் புடெம்போவிலும் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்தார்கள். மற்ற இடங்களில் வாக்களித்த அன்று பெனி மக்கள் தாங்களே பெட்டி வைத்து, கை கழுவி, வரிசையில் நின்று மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டினார்கள். அப்படிப்பட்ட ஊரில் தலைநகரிலிருந்து வந்த பிரெஞ்சுத் துண்டுப்பிரசுரம் என்ன வேலை செய்யும்? கதவைத் திறக்க வைத்தவர்கள் உள்ளூர்க் கல்லூரிகளில் படித்த பையன்களும் பெண்களும்தான். திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பகுதி மொழியான கினாண்டேயில் பேசினார்கள். திட்டு வாங்கினார்கள். மறுநாளும் போனார்கள். அவர்கள் கம்பாலாவிலோ கின்ஷாசாவிலோ படிக்கப் போயிருந்தால் அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்திருக்கமாட்டார்கள்.

அதனால்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் கொஞ்சம் கறாராக இருக்கிறது. நீங்கள் போய் எடுக்கும் பாடம் நீங்கள் கிளம்பிய பிறகு யார் எடுப்பார் என்பது முடிவாகவில்லை என்றால் போகாதீர்கள். உள்ளூர் இளம் ஆசிரியர் ஒருவர் முதல் வகுப்பிலிருந்து உங்களோடு நிற்க வேண்டும், பாதி வகுப்புகளை அவரே நடத்த வேண்டும், பாடக்குறிப்பு பிரெஞ்சில் அவர் பெயரில் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பேராசிரியர் வந்தார், ஜெபித்தார், படம் எடுத்துக்கொண்டார், போனார் என்பது அந்த ஊருக்குப் பழகிப்போன விஷயம்.

ஜாம் போத்தல் விளக்கு எழுதியது:

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் தொண்ணூறுகளின் முற்பகுதியில் படித்தவள். 1990க்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலில் கொஞ்சம் எண்ணெய், ஒரு திரி, அதுதான் படிக்கும் விளக்கு. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதித்து, டைனமோவில் வானொலி கேட்போம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் புத்தகத்தை எடுப்பதா, அரிசியை எடுப்பதா என்று நின்றவர்களில் நானும் ஒருத்தி.

குளிர்ப்பெட்டித் தம்பி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஒன்றில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. படித்த பிள்ளை ஊரிலேயே இருந்தால்தான் பயன் என்ற தொனி அதில் இருக்கிறது. யுத்தத்துக்குள் படிக்கிற பிள்ளையிடம் "நீ ஊருக்காகப் படி" என்று சொல்வது வெளியில் இருப்பவர்களுக்குச் சுகமான வசனம். அந்தப் பிள்ளைக்கு உயிரோடு இருக்கவும் ஆசை இருக்கும். என்னோடு படித்தவர்களில் வெளிநாடு போனவர்கள் அனுப்பிய காசில்தான் எத்தனையோ தம்பி தங்கைகள் படித்து முடித்தார்கள். பெனியில் படித்தவள் நைரோபிக்குப் போய் வேலை பார்த்துத் தம்பியின் கட்டணத்தைக் கட்டினால் அதுவும் கிராமத்துக்குச் செய்ததுதான்.

ஐயா, மாணவியாக இருந்தவள் என்ற முறையில் ஒரு விஷயம் சொல்கிறேன். ஷெல் சத்தத்தைவிட எங்களை அதிகமாக உடைத்தது பரீட்சை தள்ளிப்போவது. இந்த மாதம், அடுத்த மாதம், மறு அறிவித்தல் வரும் வரை. வீட்டில் கல்யாணப் பேச்சு, இயக்கத்துக்கு ஆள் கேட்பு, கடல் தாண்டும் வழி என்று எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் வரும். நீங்கள் எடுக்கும் பாடம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, சொன்ன திகதியில் தொடங்கி, சொன்ன திகதியில் பரீட்சை வைத்து, புள்ளிகளையும் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள். பெரிய பாடத்திட்டம் வேண்டாம்.

நெல்லை ரவை எழுதியது:

இவ்வளவு ஆபத்து எதற்கு? இங்கிருந்தே இணைய வழியில் பாடம் எடுத்துவிடலாமே.

குளிர்ப்பெட்டி எழுதியது:

இணைய வழி மட்டும் போதாது. நேரம் ஒத்துவரும், நமக்கும் பெனிக்கும் மூன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். ஆனால் டேட்டா காசு மாணவனின் சாப்பாட்டுக் காசிலிருந்து போகிறது. விரிசல் விழுந்த கைப்பேசித் திரையில் பிடிஎஃப் பெரிதாக்கிப் படிக்கிற பையனிடம் வீடியோ வகுப்பைத் திறக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. 2018 தேர்தல் முடிந்த மறுநாள் நாடு முழுக்க இணையத்தையே நிறுத்தினார்கள், ஜனவரியில் வெகுநாள் கழித்துத்தான் திரும்ப வந்தது. படுகொலை நடந்தால் கடையடைப்பு அறிவிப்பார்கள். அன்று வகுப்பும் இல்லை, மோட்டார் சைக்கிள் டாக்ஸியும் இல்லை.

ஜாம் போத்தல் அக்கா சொன்ன கடைசி விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். போகிறவர்களைக் குறை சொல்லவில்லை அக்கா. இருப்பவர்களை எண்ணிப் பார்க்க ஆள் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பாளை கணினி வாத்தியார் எழுதியது:

இருவருக்கும் நன்றி. மகளையும் உட்கார வைத்து முழுவதையும் படிக்கச் சொன்னேன். கசிண்டிச் சாலையைப் பற்றிய பகுதியை இரண்டு முறை படித்தாள். அவள் மனம் மாறவில்லை.

நான் யோசித்திருப்பது இது. தரவுத்தளம் என்ற ஒரே பாடம். ஒரு கூட்டுறவுச் சங்கம் கோகோ எடை போட்டு வாங்குகிற கணக்கை மட்டும் உதாரணமாக வைத்து, இணையம் இல்லாமலேயே லாப்டாப்பில் ஓடுகிற மென்பொருளில் முழுவதையும் நடத்தலாம். அறுவடை கெட்ட வருடத்தைப் பற்றிய கேள்வியையும், என்னோடு நிற்கப்போகும் உள்ளூர் ஆசிரியர் யார் என்ற கேள்வியையும் கடிதத்தில் எழுதிவிட்டேன். முதல் சில மாதம் அந்த ஆசிரியரோடு மட்டும் மின்னஞ்சலில் பாடக்குறிப்பு தயாரிக்கிறேன். நிலைமை பார்த்துப் பிறகு பயணம். பயணம் நடக்காமலே போனாலும் குறிப்பு அவர் கையில் இருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம் என்கிறார்களே, எங்கே போடுவது? பிரெஞ்சு எனக்குச் சுத்தமாகத் தெரியாது, சமாளிக்க முடியுமா?

குளிர்ப்பெட்டி எழுதியது:

தடுப்பூசி கட்டாயம்தான். அந்தச் சான்று இல்லாமல் திரும்பி வந்தால் இந்தியாவிலும் தனிமைப்படுத்தி வைப்பார்கள். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் ஐயா, 60 வயது தாண்டியவர்களுக்கு முதன்முறையாக இந்த ஊசி போடும்போது பக்கவிளைவு ஆபத்து கூடுதல். உங்கள் மருத்துவரிடம் இதைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள்.

வகுப்பில் ஆங்கிலம் ஓடும். சந்தையில் பிரெஞ்சைவிட சுவாஹிலி நன்றாக எடுபடும், எண்களை மட்டுமாவது கற்றுக்கொண்டு போங்கள். புது டாலர் நோட்டாகப் பார்த்து வாங்கி, மடிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.