பஸ்தீஸ் தண்ணீரில் கலங்குவது ஏன்? அதை எப்படித் தயாரிக்கிறார்கள்?

கேள்வி (காரைக்கால்):
பிரான்சில் குடியேறிய என் பெரியப்பா, இம்முறை ஊருக்கு வந்தபோது பஸ்தீஸ் என்னும் சோம்பு மணமுள்ள மதுவைக் கொண்டுவந்திருந்தார். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரின் பழைய குடும்பங்களுக்கு இது புதிதல்ல என்றாலும், எனக்குப் புதிது. தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும் இது, தண்ணீர் ஊற்றியதும் நீராகாரம் போலக் கலங்கிவிடுகிறது. மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தோம். மறுநாள் பார்த்தால் புட்டியின் அடியில் மெல்லிய வெண்ணிறச் செதில்கள். கெட்டுவிட்டதா? இதைச் சோம்பை ஊறவைத்துச் செய்கிறார்களா, வடித்தெடுக்கிறார்களா?

பதில் 1 (கும்பகோணம்):
கெட்டுவிடவில்லை. கலங்குவதற்கும் செதில்களுக்கும் காரணம் அனெத்தோல் என்ற ஒரே வாசனைப் பொருள்தான். அது ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். தண்ணீரில் ஏறக்குறைய கரையவே கரையாது. வழக்கம்போல் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்க்கும்போது ஆல்கஹாலின் செறிவு சட்டென்று குறைவதால், அனெத்தோல் நுண்துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அதுவே வெண்மையாகத் தெரிகிறது. தூய அனெத்தோல் ஏறத்தாழ 21 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும் பொருள் என்பதால், குளிரில் படிகமாகியிருக்கிறது. புட்டியை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். நம் பக்கத்து வெக்கைக்குத் தானாகக் கரைந்துவிடும்.

பதில் 2 (மயிலாடுதுறை):
தயாரிப்பு நாட்டுக்கு நாடு மாறும். பஸ்தீஸுக்கு அன்னாசிப்பூ போன்றவற்றிலிருந்து எடுத்த அனெத்தோலை ஆல்கஹாலில் கலந்து, அதிமதுர வேரின் சாற்றையும் மூலிகைகளையும் சிறிது சர்க்கரையையும் சேர்க்கிறார்கள். அதிமதுரம் இல்லாவிட்டால் ஐரோப்பியச் சட்டப்படி அது பஸ்தீஸே ஆகாது, லிட்டருக்கு 1.5 முதல் 2 கிராம் வரை அனெத்தோலும் இருக்க வேண்டும். 1915இல் பிரான்ஸ் அப்சிந்த் என்னும் சோம்பு மணமுள்ள கடும் மதுவைத் தடைசெய்த பிறகு உண்டான வெற்றிடத்தில்தான் இது வளர்ந்தது. பால் ரிக்கார் மார்சேயில் தம் பஸ்தீஸை 1932இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். துருக்கியின் ராக்கியும் லெபனானின் அரக்கும் வேறு வகை. அங்கே திராட்சையிலிருந்து வடித்த மதுவில் சோம்பு விதையைப் போட்டு மறுபடியும் வடிக்கிறார்கள். என் ருசிக்கு அவையே மேல். சர்க்கரையின் தயவு அவற்றுக்குத் தேவைப்படுவதில்லை.

பதில் 3 (திருவாரூர்):
கிரேக்கத்தின் ஊஸோ இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: அதன் ஆல்கஹாலில் குறைந்தது 20 சதவீதமாவது சோம்புடன் சேர்த்து வடித்ததாக இருக்க வேண்டும், மீதியைக் கலந்துகொள்ளலாம். இன்னொன்று, நம் சமையலறைச் சோம்பு பெருஞ்சீரகமே. அவர்கள் பயன்படுத்தும் விதை வேறு செடியினுடையது. பெருஞ்சீரகத்திலும் அனெத்தோல் நிறைய உண்டு, ஆனால் கூடவே இருக்கும் ஃபென்கோன் கற்பூர நெடியும் இலேசான கசப்பும் தரும்.