பக்கக் காத்தில கூட்டம் உடையிறது ஏன்?

கேள்வி:
டூர் டி பிரான்ஸ் சைக்கிள் ஓட்டத்தில மலையே இல்லாத நாளிலயும் முன்னணி ஆக்கள் ஒரு நிமிசத்துக்கு மேல இழக்கினம். காத்து மட்டும் எப்பிடி இவ்வளவு செய்யும் அண்ணையாக்கள்? யாழ்ப்பாணத்தில இருந்து சங்குப்பிட்டிப் பாலத்தால தெற்க பூநகரிக்குச் சைக்கிள் ஓடுற எங்கட பெடியளும் சோளகத்தில (தென்மேற்குக் காத்தில) இப்பிடித்தான் சிதறுகினம்.

பதில் 1:
பக்கக் காத்தில, முன்னுக்கு ஓடுறவர் காத்தைத் தடுத்துத் தாற மறைப்பு நேர பின்னால இல்லை, சரிவாப் பின்னால. அதால சாய்வு வரிசை போடுவினம். ரோட்டு அகலம் முடிஞ்ச இடத்தில வரிசையும் முடியும். மிச்ச ஆக்கள் ஓரத்தில மறைப்பில்லாமல் இழுபடுவினம். ஒராள் இடைவெளி விட்டால் அவருக்குப் பின்னால எல்லாரும் போச்சு. 2013 டூரில 13ஆம் கட்டத்தில (13ஆவது நாள் ஓட்டத்தில) போட்டியாளர் கொன்டடோரின்ர அணி இப்பிடி வேகம் கூட்ட, மொத்த நேரத்தில முதலாவதா, மஞ்சள் உடுப்போட இருந்த ஃப்ரூம் 1 நிமிசம் 9 செக்கன் இழந்தார்.

பதில் 2:
தம்பி, பூநகரிக்குப் போகேக்க சோளகம் வலக்கை முன்பக்கத்தால வரும். முன்னுக்கு ஓடுறவர் வலப்பக்கம், மற்றவை இடப்பக்கமாச் சரிஞ்சு பின்னால. முன்னுக்கு ஓடுற முறை முடிஞ்சவர் காத்துப் பக்கமா, அதாவது வலத்தால விலகவேணும், பிரேக் பிடிக்கக்கூடாது. சில்லுகள் பக்கத்துப் பக்கத்தில நிக்கிறதால முன்சில்லு முட்டினால் விழுறது பின்னால வாறவர்தான். வாகனம் ஓடுற ரோட்டு, இடது பாதிக்குள்ள நாலு பேருக்கு மேல வேண்டாம். மிச்சப்பேர் உடன இரண்டாவது வரிசை போடுங்கோ.

பதில் 3:
கடைசி 3 கிலோமீற்றருக்குள்ள பிந்தினாலும் கூட ஓடின கூட்டத்தின்ர நேரத்தையே குடுக்கிற விதி, காத்தில உடைஞ்சு பிந்தினவைக்கு உதவாது. அது விழுந்தவைக்கும் சைக்கிள் பழுதானவைக்கும்தான்.