லாக்ஹார்ட்டில் புகைக்கறி: குடும்பத்தோடு போனவர்களின் அனுபவங்கள்

அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஆஸ்டினிலிருந்து லாக்ஹார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சுமார் 30 மைல் தெற்கே இருக்கிற சின்ன ஊர். டெக்சஸ் சட்டமன்றம் 1999இல் மாநிலத்தின் பார்பிக்யூ தலைநகர் என்று இதைத்தான் அறிவித்தது. வயதானவர்களுக்கு ஒத்துவருமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்: தாராளமாகக் கூட்டிப் போங்கள்.

இங்கே பழைய கடைகளெல்லாம் இறைச்சிக்கடையாகத் தொடங்கியவை. கிரைட்ஸ் மார்க்கெட் 1900இலிருந்தும், பிளாக்ஸ் 1932இலிருந்தும் இருக்கின்றன. ஜெர்மனி, செக் பகுதிகளிலிருந்து குடியேறிய கசாப்புக்காரர்கள், விற்காத கறியைப் புகையில் வேகவைத்துத் தாளில் சுற்றிக் கொடுத்த பழக்கம் அப்படியே நிற்கிறது. கவுண்டரில் எடை போட்டு, பழுப்புத் தாளில் வைத்துத் தருவார்கள். நீளமான மேசை, பெஞ்சு, கூடவே வெள்ளை ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, பச்சை வெங்காயம். எல்லோரும் கையால்தான் சாப்பிடுகிறார்கள். மற்ற உணவகங்களில் முள்கரண்டியைப் பார்த்துத் தயங்கும் அம்மா இங்கே நிம்மதியாக உட்கார்ந்தார். பக்கத்து மேசைக் குழந்தைகள் ஓடி விளையாடியதை யாரும் முறைக்கவில்லை.

அப்பா மாட்டுக்கறி சாப்பிடுவார். வெட்டுபவர் பிரிஸ்கெட்டை, அதாவது மாட்டின் நெஞ்சுக்கறியை, பலகையில் வைத்து, நாரின் குறுக்கே பென்சில் கனத்துக்கு ஒரு துண்டு போட்டு, விரல்மேல் தொங்கவிட்டுக் காட்டினார். இரண்டு பக்கமும் வளைந்து தொங்கியது, அறுந்து விழவில்லை. லேசாக இழுத்ததும் பிரிந்தது. அதுதான் பதம். வெளியே உப்பும் மிளகும் கருகிப் பிடித்த பட்டை, அதற்குக் கீழே இளஞ்சிவப்பில் ஒரு வளையம்.

"ஏம்ப்பா, இது சரியா வேகலையே?" என்றார் அம்மா, அந்தச் சிவப்பைப் பார்த்து. இந்தச் சந்தேகம் நம்மவர்கள் எல்லோருக்கும் வரும். விறகுப் புகையில் இருக்கிற நைட்ரிக் ஆக்சைடு, கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்ந்து அந்த நிறத்தைப் பிடித்து வைத்துவிடுகிறது. எவ்வளவு நேரம் வெந்தாலும் போகாது. போஸ்ட் ஓக் விறகில், 250 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டிய சூட்டில், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் கறி அது. இந்த நெஞ்சுப்பகுதி இயல்பிலேயே முரட்டுக் கறி. அந்த நிதான சூட்டில்தான் அதிலுள்ள கொலாஜன் என்ற கெட்டியான புரதம் கரைந்து மென்மையான ஜெலட்டினாகிறது. அப்பாவுக்குப் பல் சரியில்லை, ஆனாலும் சிரமப்படாமல் சாப்பிட்டார். கொழுப்புள்ள பக்கமா, கொழுப்பில்லாத பக்கமா என்று கவுண்டரில் கேட்பார்கள். முதல் தடவை போகிறவர்கள் கொழுப்புள்ளதையே கேளுங்கள், மற்றது சீக்கிரம் வறண்டுவிடும். ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தக் கருப்புப் பட்டையை ஒதுக்கிவிடுங்கள், உப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

அம்மாவுக்கு வான்கோழி வாங்கினோம். மாட்டுக்கறி வெட்டிய பலகையிலும் கத்தியிலுமே எல்லாவற்றையும் வெட்டுவார்கள் என்பதால், வேறு பலகையில் வெட்டித் தர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டேன். முகம் சுளிக்காமல் செய்து கொடுத்தார்கள். சாசேஜ் என்றால் எந்தக் கறி என்று கட்டாயம் கேட்டுவிடுங்கள், மாடும் பன்றியும் கலந்து செய்வது இங்கே சகஜம்.

—

வான்கோழி விஷயத்தைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. எங்கள் வீட்டில் மாமியார் சைவம். பீன்ஸ் மட்டும் போதும் என்று வாங்கி, ஒரு வாய் வைப்பதற்குள் நல்லவேளையாக என் மகள் கறித்துண்டைக் கண்டுபிடித்துவிட்டாள். பல கடைகளில் பீன்ஸைப் பன்றி இறைச்சியோ பிரிஸ்கெட் துணுக்கோ போட்டுத்தான் வேகவைக்கிறார்கள். உருளைக்கிழங்கு சாலட், கோல்ஸ்லா என்ற முட்டைக்கோஸ் சாலட், மக்ரோனி சீஸ் ஆகியவற்றில் பொதுவாகக் கறி இருக்காது, முட்டை இருக்கலாம். சாமி கும்பிடும் நாளில் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போகாதீர்கள், உடுத்திய துணியிலெல்லாம் புகை வாசம் ஏறிவிடுகிறது. எனக்கு அந்த வாசம் பிடிக்கும், மாமியாருக்குத் தலைக்குக் குளிக்கும் வரை நிம்மதி இல்லை.

—

நாங்கள் கான்சஸ் சிட்டியில் இருக்கிறோம். இங்கே தக்காளியும் மொலாசஸ் என்ற கரும்புப் பாகும் சேர்ந்த கெட்டியான இனிப்பு சாஸ்தான் பிரதானம், குழந்தைகளுக்கு உடனே பிடித்துப்போகும். பிரிஸ்கெட்டின் கொழுப்பு நுனியைச் சதுரமாக வெட்டி மறுபடி புகையில் போட்டு எடுக்கும் 'பர்ன்ட் எண்ட்ஸ்' இந்த ஊரின் பெருமை. என் பையன் அதைத் தவிர வேறெதையும் கேட்பதில்லை.

எந்த ஊரானாலும் மதியத்துக்குள் போய்விடுங்கள். முந்தின ராத்திரி அடுப்பில் ஏற்றியதுதான் அன்றைக்கு விற்பனை, தீர்ந்துபோனால் அவசரத்துக்கு வேறு செய்ய வழியில்லை. ஒரு சனிக்கிழமை பிற்பகலில் போய், ரிப்ஸ் (விலாக்கறி) மட்டும் மிச்சம் என்று சொல்லக் கேட்டோம். அதற்கப்புறம் கிளம்பும் முன்பு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுகிறோம். பெரிய குடும்பமென்றால் முன்பதிவாகவே எடை சொல்லி எடுத்து வைக்கச் சொல்லலாம், சில கடைகள் ஒத்துக்கொள்கின்றன.